செல்லும் காகிதம்

செல்லும், செல்லாது என்ற இரண்டு சொற்களைக் காசுக்குச் சொல்கிறோம், காகிதத்துக்கும் சொல்கிறோம். மனிதனுடைய வாக்குக்கும் அதே அளவுகோல்தான். “அவர் வாக்கு ஊரில் செல்லும்” என்றால், அவரை நான்கு பேர் நம்புகிறார்கள் என்று அர்த்தம். செல்வாக்கு என்று நாம் பெரிதாகச் சொல்லிக்கொள்வதும், செல்லுகின்ற வாக்கு என்பதைத் தவிர வேறில்லை.

ஆனால், எதுவரையில் செல்லும்? காசு அதை அடித்த அரசனின் எல்லை வரையில். வாக்கு, சொன்னவனைத் தெரிந்தவர்கள் இருக்கிற இடம் வரையில். அந்த எல்லையை ஓரடி தாண்டிவிட்டால் காசு வெறும் உலோகம். வாக்கு வெறும் ஒலி. உள்ளூரில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செல்லுகிற ஓர் அத்தாட்சி, வெளியூரில் செல்லாமல் போனால் குற்றம் யாருடையது? கொடுத்தவனுடையதா? கேட்டவனுடையதா? கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுடையதா?

இந்தக் கேள்வியைப் பெரிய தத்துவப் புஸ்தகங்களில் போய்த் தேட வேண்டாம். ஒரு மோட்டார் லைசென்ஸே போதும்.

இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டு வரையில் மோட்டார் லைசென்ஸ் என்பது ஒரு காகிதந்தான். ஒரு காலத்தில் பச்சையாக இருந்தது, பிறகு இளஞ்சிவப்பாயிற்று. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பெயர், விலாசம், எந்தெந்த வண்டியை ஓட்டலாம் என்ற விவரம், உடையவரின் கையெழுத்து, இவ்வளவுதான் அதில் இருந்தன. புகைப்படம் கிடையாது. 1998-இல் புகைப்படம் பதித்த பிளாஸ்டிக் அட்டை வந்தது. அதற்காகப் பழைய காகிதத்தைச் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளவில்லை. பெயரும் விலாசமும் மாறாமல் இருக்கிறவரையில், 70 வயது வரை அது செல்லும் என்று விட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கும் அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறவர் ஒருவரைப் பார்த்தால், அவரைப் பற்றி ஒன்று நிச்சயமாகச் சொல்லலாம்: கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் வீடு மாறவில்லை.

முகத்தைக் கேட்காமல் பெயரை நம்புவது அந்த நாட்டின் பழைய சுபாவம். அங்கே வண்டி ஓட்டுகிறவர் லைசென்ஸைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போலீஸ்காரர் கேட்டால், ஏழு நாளைக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டினால் போதும். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பிடிவாதமும் உண்டு. யுத்த காலத்தில் எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். யுத்தம் முடிந்தும் அட்டை ஒழியவில்லை. 1950 டிசம்பரில் லண்டனின் வடக்குப் பகுதியில் காரில் போய்க்கொண்டிருந்த கிளாரன்ஸ் வில்காக் என்பவரைப் போலீஸ்காரர் நிறுத்தி, அடையாள அட்டையைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. சட்டப்படி அவர் செய்தது குற்றந்தான் என்று 1951-இல் தீர்ப்பாயிற்று. ஆனால், யுத்தத்துக்காக வந்த அட்டையை ரஸ்தாவில் போகிறவர்களிடமெல்லாம் கேட்பது சரியல்ல என்று தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு கண்டித்தார். மறு வருஷம் பிப்ரவரியில் அட்டையே ஒழிந்தது.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த காகிதம் அது. அதை எடுத்துக்கொண்டு கடலைத் தாண்டினால்தான் சங்கடம். ஐரோப்பிய நாடுகளில் ஏழு நாள் தவணை சொல்ல முடியாது. கேட்ட இடத்தில் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து 2020-இல் பிரிட்டன் விலகிய பிறகு, படம் போட்ட அட்டை உள்ளவர்களுக்கு அங்கே வேறு பத்திரம் வேண்டாம் என்று ஏற்பாடாயிற்று. பழைய காகிதம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கோ, சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் என்று இன்னொன்றும் தேவைப்படலாம். 1926, 1949, 1968 ஆகிய ஆண்டுகளில் தேசங்கள் செய்துகொண்ட மூன்று ஒப்பந்தங்களின்படி அதில் மூன்று வகை உண்டு. விலை ஐந்தரைப் பவுன். 2024 வரை தபால் ஆபீஸில் கொடுத்தார்கள். இப்போது சில சில்லறைக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெர்மிட்டும் காகிதந்தான். பழைய லைசென்ஸில் உள்ளதையே பல பாஷைகளில் அச்சடித்து, ஒரு படத்தையும் ஒட்டிக் கொடுக்கிறார்கள். தனியாக அது செல்லாது. லைசென்ஸோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். பாஷை தெரியாத ஊருக்குப் போகிறவன் துபாஷியை அழைத்துக்கொண்டு போவதைப் போல, ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தை அழைத்துக்கொண்டு போகிறது!

லண்டனின் வடமேற்குப் பகுதியான ஹாரோவில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தக் காகிதத்தை நான் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். 1979-இல் படிக்கப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். வயது 68. அண்ணா என்றுதான் அவரை நான் கூப்பிடுவது வழக்கம். 1988-இல் வாங்கிய வீட்டிலேயே இன்றும் இருக்கிறார். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர்கள் மூன்று முறை மாறிவிட்டார்களாம். ஊரை விட்டு ஐயாயிரம் மைல் வந்தவர் அசையாமல் இருக்கிறார். அந்த மண்ணில் பிறந்தவர்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகையால் அந்தத் தெருவிலேயே பழைய இளஞ்சிவப்புக் காகிதம் அவரிடம் மட்டுந்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே குடியேறிய ஈழத் தமிழர்கள் கட்டி, 2002-இல் குடமுழுக்குச் செய்த கோயில். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். நண்பரின் தம்பி அந்தப் பிராந்தியத்தில் இருக்கிறார். தேருக்குக் காரிலேயே போய்வருவது என்று நண்பர் தீர்மானித்திருந்தார். அப்போதுதான் வீட்டில் லைசென்ஸ் விவகாரம் கிளம்பிற்று.

“தம்பி, நாற்பது வருசத்துக்கு மேலா கார் ஓடுறன். ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிச்சதில்லை. கடலுக்கு அங்கால போனா, நான் ஆர் எண்டு காட்ட இன்னொரு கடுதாசி வேணுமாம்” என்றார் என்னிடம். யாழ்ப்பாணத்தில் காரை ஓட்டுவதில்லை, ஓடுகிறார்கள். குதிரையும் சாரதியும் ஒன்றாகிவிட்டது போன்ற அந்தப் பிரயோகம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

“அப்பா, உங்களை ஒருத்தரும் பிழை சொல்லேல்லை. அவைக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். பேசாமல் அந்தப் படம் போட்ட அட்டையை எடுங்கோவன்” என்றாள் மகள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இந்த நாட்டுக்கு வந்த புதிசில, வீடு வாடகைக்குக் கேட்டாலும், வேலைக்குப் போனாலும், முதல்ல என்ர முகத்தைப் பாத்திட்டுத்தான் மற்றதெல்லாம் கேட்டவை. இந்தக் கடுதாசி ஒண்டுதான் முகத்தைக் கேக்கேல்லை. பேரை மட்டும் கேட்டது.”

அதற்கு மேல் மகள் வற்புறுத்தவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு நியாயம் தெரியும் என்று சிலர் நம்புகிறார்கள்.

அவர் சொன்னதில் இருந்த வலி எனக்குப் புரிந்தது. அவருடைய சொந்த மண்ணில் யுத்தம் நடந்த ஆண்டுகளில், சோதனைச் சாவடியில் நின்றவர்கள் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த கண்களுக்கு முன்னால் அவருடைய உறவினர் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். அட்டையில் இருந்த பெயரே சிலருக்கு ஆபத்தாயிற்று. அப்படிப்பட்ட ஒருவருக்கு, “பெயரைச் சொல், நம்புகிறேன்” என்று ஒரு சர்க்கார் கொடுத்த காகிதம், வண்டி ஓட்டும் லைசென்ஸ் மட்டும் அல்ல. அது ஒரு மரியாதை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைக் காட்டும் அட்டையை வாங்கிக்கொள் என்றால் மனசு ஒப்புமா?

ஆயினும் நியாயம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது அபூர்வம்.

நம்முடைய பழைய கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோவலன் மதுரைக்கு ஒரு சிலம்பைக் கொண்டுபோனான். அது அவன் மனைவியினுடையது. அதை விற்க அவனுக்குச் சகல உரிமையும் இருந்தது. புகாரில் அவன் அதைக் கடைத்தெருவில் காட்டியிருந்தால், இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று நூறு பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள். மதுரையில் அவனை யாருக்குத் தெரியும்? சிலம்பு உண்மைதான், அது யாருடையது என்று அந்தச் சிலம்பில் எழுதியிருக்கவில்லை. உரிமை இருந்தது, அயலூரில் சாட்சி இல்லை. அதனால் உயிர் போயிற்று.

இந்த இடத்தில் பாண்டியன் செய்த தவறு எது என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தேகப்பட்டதா? இல்லை. தெரியாத ஒருவன் விலையுயர்ந்த சிலம்போடு வந்தால் எந்த ராஜாங்கமும் விசாரிக்கத்தான் செய்யும். அவன் விசாரிக்கவில்லை, அதுதான் தவறு. “உனக்கு இது எப்படி வந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற உண்மை, கோவலன் உயிரோடு இருக்கும்போதே வெளிவந்திருக்கும். கேள்வி கேட்பது அநியாயம் அல்ல. கேட்காமலே முடிவு கட்டுவதுதான் அநியாயம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்நிய நாட்டு ரஸ்தாவில் நிற்கிற போலீஸ்காரர் வேறு விதமாகத் தெரிவார். அவருக்கு நம் பாஷை தெரியாது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன, படம் இல்லாத ஒரு காகிதத்தை ஒருவர் நீட்டுகிறார். அதைத் திருடியவனும் இதே போலத்தான் நீட்டுவான். “நாற்பது வருஷமாக விபத்தில்லாமல் ஓட்டுகிறேன்” என்பது நமக்குத் தெரிந்த விஷயம். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள என்ன வழி? உள்ளூரில் நமக்கு அக்கம்பக்கம் சாட்சி, பேச்சு சாட்சி, ஸ்வான்ஸியில் இருக்கும் லைசென்ஸ் ஆபீஸின் பதிவும் சாட்சி. இத்தனை பேரும் தாங்கி நின்றதால்தான் அந்தக் காகிதம் நிமிர்ந்து நின்றது. எல்லை தாண்டியதும் அவ்வளவு பேரும் கரையிலேயே நின்றுவிட்டார்கள். காகிதம் மட்டும் தனியாக வந்திருக்கிறது. தனியாக வந்த காகிதத்தைச் சந்தேகிப்பது நம்மை அவமதிப்பது ஆகாது. தெரியாதவனுக்குத் தெரியும்படி சொல்லுவது, நாம் அவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

சரி, படம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதற்குப் பதில் ஜெர்மனியில் நண்பரின் தம்பி வீட்டில் கிடைத்தது.

அவரும் 1988-இல் ஒரு காகித லைசென்ஸ் வாங்கியவர். ஜெர்மானியர்கள் அந்தப் பழைய காகிதத்துக்குக் கந்தல் துணி என்ற பொருளில் செல்லமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் படம் உண்டு. அடர்ந்த தலைமயிரும் கறுத்த மீசையுமாக 27 வயது இளைஞர் ஒருவர் அந்தப் படத்தில் இருந்தார். அதைக் கொண்டுவந்து காட்டியவருக்குத் தலையில் மயிரும் இல்லை, மீசையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய காகிதங்கள் எல்லாம் 2033 ஜனவரி 19-க்குள் புது மாதிரி அட்டைகளாக மாறிவிட வேண்டும் என்று விதி. ஜெர்மனியில் பிறந்த வருஷத்தை வைத்துத் தவணை பிரித்தார்கள். 1959-லிருந்து 1964 வரையில் பிறந்தவர்களுக்கு 2023 ஜனவரி 19 கடைசி நாள். தம்பி அதற்கு முன்பே மாற்றிக்கொண்டுவிட்டார். பழையதைச் செல்லாததாக்கி, ஞாபகத்துக்காக அவரிடமே திருப்பிக் கொடுத்தார்களாம்.

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி ஓட்டும் உரிமைக்கு ஒரு சொல். அந்த உரிமையைக் காட்டும் சீட்டுக்கு வேறு ஒரு சொல். தவணை தப்பினால் காலாவதியாவது சீட்டுத்தான், உரிமை அல்ல. காலாவதியான சீட்டோடு பிடிபட்டால் பத்து யூரோ கட்டினால் போதும். உரிமையே இல்லாமல் ஓட்டினாலோ, அது கிரிமினல் குற்றம். இந்த வித்தியாசத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. மனிதன் வேறு, அவனுடைய காகிதம் வேறு. காகிதம் நைந்துபோனதால் மனிதன் நைந்துபோனான் என்று ஆகாது.

ஆனால், இதைத் திருப்பிப் போட்டால் என்ன கிடைக்கிறது? காகிதம் புதிதாக இருப்பதால் மனிதனும் புதிதாக இருக்கிறான் என்றும் ஆகாது! யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதன்முதலில் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியபோது பரீட்சையே கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சாட்சி அல்ல. பணம் கட்டினார் என்பதற்குத்தான் சாட்சி. 1935-இல்தான் பரீட்சை கட்டாயமாயிற்று. அந்தப் பரீட்சையும் வாழ்நாளில் ஒரு முறைதான். 25 வயதில் தேறியவருக்கு 70 வயது வரையில் அந்தக் காகிதம் செல்லும். படம் போட்ட அட்டையைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள். புதிதாகக் கேட்பது முகத்தைத்தான், கையையோ கண்ணையோ அல்ல. 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க முடியவேண்டும் என்று விதி இருக்கிறது. பரீட்சை அன்று படித்துக் காட்டினார்; அதற்குப் பிறகு படிக்க முடிகிறதா என்பதை யார் பார்க்கிறார்கள்? பார்வை இந்த அளவுக்குக் கீழே போய்விட்டால், ஓட்டுகிறவர்தாம் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்படியானால், ஒரு காகிதத்தில் ஒரு பொய்யும் எழுதாமலே அது பொய் சொல்ல முடியும். பெயர் மெய், கையெழுத்து மெய், முத்திரை மெய். மாறிப்போனது மனிதன். நேற்று மெய்யாக இருந்ததை இன்றைக்கும் மெய் என்று நீட்டினால், அதைக் கண்டுபிடிக்க எந்த நாட்டுப் போலீஸாலும் முடியாது. நீட்டுகிறவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

நண்பர் கடைசியில் படம் போட்ட அட்டையை எடுக்கவில்லை. கடைக்குப் போய் ஐந்தரைப் பவுன் கொடுத்துச் சர்வதேசப் பெர்மிட்டை வாங்கினார். அவரும் அண்ணியும் நானுமாக டோவரில் கப்பலேறிக் கலேயில் இறங்கி, பிரான்ஸையும் பெல்ஜியத்தையும் கடந்து ஹாமுக்குப் போனோம். தேரும் பார்த்தோம். இரண்டு காகிதங்களையும் ஓர் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வழியில் ஒருவரும் கேட்கவில்லை. அதில் அவருக்குச் சிறிது ஏமாற்றந்தான்!

திரும்பும்போது, சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி வீட்டில் புறப்பட்டோம். மறுநாள் அதிகாலைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருந்தோம். ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் ராத்திரி பத்து மணி வரையிலும் வெளிச்சம் இருக்கிறது. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தை நெருங்கும்போது இருட்டத் தொடங்கிற்று. எதிரே விளக்குகள் வரிசையாக வந்தன. இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கலே. நண்பர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு விடுதியின் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

“தம்பி, எதிர வாற லைற் எனக்குப் பூ மாதிரி விரியுது. இனி இரவில நான் ஓடக்கூடாது. இண்டைக்கு இங்க நிப்பம்” என்றார்.

அவர் பையில் இருந்த இரண்டு காகிதங்களும், இரவிலும் ஓட்டலாம் என்றுதான் சொல்லின. ஐரோப்பாவின் எந்த அதிகாரியும் அவரைத் தடுத்திருக்க முடியாது. நாற்பது ஆண்டுப் பெருமை அவருக்கு இருந்தது. பின்னால் மனைவி, பக்கத்தில் விருந்தாளி. “இனி என்னால் முடியாது” என்று சொல்லுவது எந்த ஆண்மகனுக்கும் சுலபம் அல்ல. ஆனாலும் சொன்னார். ஊருக்குத் திரும்பியதும் கண் டாக்டரிடம் போனார் என்று பிறகு மகள் எழுதியிருந்தாள்.

முகத்தைக் கேட்காமல் பெயரை நம்பிய அந்தக் காகிதத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ய முடியாது என்று நினைக்கிறேன். நம்பிக்கை என்பது ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கி வைத்துக்கொள்ளும் சொத்து அல்ல. வாங்கியவர் தினந்தோறும் வட்டி கட்ட வேண்டிய கடன் அது. அந்நியன் கேட்கும்போது அத்தாட்சியைக் காட்டுவது அந்தக் கடனில் ஒரு பகுதி. அதில் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை. யாரும் கேட்காதபோது, நம்முடைய காகிதம் இன்னும் மெய்தானா என்று நாமே பார்த்துக்கொள்வது மறு பகுதி. முதல் பகுதிக்குச் சட்டம் உண்டு, அபராதம் உண்டு. இரண்டாவதற்கு நம்மைத் தவிர ஆள் இல்லை.

நம் எல்லாருடைய பெட்டிகளிலும் இப்படிப் பழைய காகிதங்கள் இருக்கின்றன. என்றோ வாங்கிய பட்டம். என்றோ ஒருவர் எழுதிக் கொடுத்த நன்னடத்தைச் சீட்டு. நல்ல தகப்பன், நல்ல சிநேகிதன் என்று என்றோ எடுத்த பெயர். கதை எழுதுகிறவனுக்கும் அப்படி ஒன்று உண்டு. முன்பு எழுதிய நாலு கதைகளுக்காக வாசகர்கள் கொடுத்தது அது. அட்டையில் அவன் பெயரைப் பார்த்து இன்றைக்கும் புஸ்தகத்தை வாங்குகிறார்கள். படம் கேட்பதில்லை, பரீட்சையும் வைப்பதில்லை. ஒவ்வொரு முறை பேனாவை எடுக்கும்போதும் எதிரே வருகிற வெளிச்சம் தனக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன்தான்.